தட்டு மாற்றும் முன்னர்

நமது சங்கத்தின் நூலக அறைக்குள் நுழைந்த அன்பர்கள் கவனித்திருக்கலாம். பழைய மர அலமாரிக்கும் ஆர்மோனியப் பெட்டிக்கும் இடையே கறுப்பு நிறப் பெட்டி ஒன்று நின்றுகொண்டு, இரவும் பகலும் மெல்ல முணுமுணுத்துக் கொண்டிருக்கும். சென்ற பொங்கல் விழாவுக்கு வந்திருந்த ஒரு குழந்தை, அதைக் குளிர்சாதனப் பெட்டி என்று எண்ணித் திறந்து பார்க்க முயன்றது. அதுதான் சங்கத்தின் சர்வர். இந்நகரைவிட்டு மாற்றலாகிச் சென்ற உறுப்பினர் ஒருவர் நன்கொடையாக விட்டுச் சென்ற பழைய கணிப்பொறி அது.

நம் ஏட்டின் பழைய இதழ்களின் படங்கள், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் பாடங்கள், ஈமச்சடங்கு உதவி நிதியின் கணக்கு, ஆண்டுவிழாப் புகைப்படங்கள் யாவும் அதனுள்ளே இருக்கின்றன. இவற்றைக் காட்டிலும் நாம் பெரிதாக மதிப்பது, இந்த நாகபுரிக்கு முதன்முதலில் வந்து குடியேறிய முதியோர் தம் வாயாலேயே சொன்ன வரலாறுகளின் ஒலிப்பதிவு. இவற்றைச் சுமந்து நிற்பவை நான்கு வன்தட்டுகள். அவற்றுள் ஒன்று பழுதுற்றபோது அதை மாற்றுகிறோம் என்று புகுந்து நாம் செய்த பிழையையும், அதன் பின்னர் கற்றுக்கொண்டவற்றையும் எழுதுமாறு செயற்குழு பணித்தது. நாம் இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆகவே இக்கட்டுரையில் பண்டிதம் எதிர்பார்க்க வேண்டாம். பட்டறிவை மட்டும் சொல்லுகிறோம்.

வன்தட்டு என்பது யாது? மெல்லிய வட்டத் தகடுகள் சில, ஓர் அச்சில் கோக்கப்பட்டு நிமிஷத்துக்கு 7200 முறை சுழல்கின்றன. அத்தகடுகளின் மேல் எழுதவும் படிக்கவும் வல்ல சிறு முனைகள், தகட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கின்றன. நம் தலைமயிரின் தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டர் அளவில் இருக்கும் என்றால், அந்த இடைவெளி எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் இவ்வகையில் முதன்முதலாக வெளியிட்ட கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. அதன் எடை ஒரு டன் அளவு. அது தாங்கிய எழுத்துக்களோ ஐம்பது இலட்சம். இன்று உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய 3.5 அங்குலத் தட்டு அதைப்போல் பல இலட்சம் மடங்கு தாங்குகிறது. தாங்கும் அளவு பெருகப் பெருக, ஒரு தட்டுப் போனால் போகும் பொருளின் அளவும் பெருகுகிறது.

அதனால்தான் சர்வரில் ஒரே தட்டை நம்புவதில்லை. 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். விலை மலிந்த சிறு தட்டுகள் பலவற்றைக் கூட்டாக வைத்து, ஒன்று கெட்டாலும் செய்தி கெடாதவாறு காக்கலாம் என்பது அதன் கருத்து. அந்த ஏற்பாட்டுக்கு 'ரெய்டு' என்று பெயர். இதில் பல வகைகள் உண்டு. முதலாம் வகையில் இரண்டு தட்டுகளும் ஒன்றையொன்று படியெடுத்தாற்போல் ஒரே செய்தியைத் தாங்கும். நம் சர்வரில் அன்று இருந்தது ஐந்தாம் வகை.

ஐந்தாம் வகையை விளங்கவைக்க எழுத்தர்களாகிய எமக்கு ஓர் எளிய வழி உண்டு. கணக்கேட்டில் மூன்று பத்திகளில் தொகை எழுதி, நான்காம் பத்தியில் கூட்டுத்தொகை போடுகிறோம். மூன்றில் ஒரு பத்தியின் மேல் மை கொட்டிவிட்டால், கூட்டுத்தொகையிலிருந்து மற்ற இரண்டையும் கழித்து, அழிந்த தொகையைக் கண்டுகொள்ளலாம் அல்லவா? தட்டுகளும் அப்படியே. நான்கு தட்டுகளில் ஒன்றின் அளவு இடம் இத்தகைய சரிபார்ப்புத் தொகைக்குச் செலவாகிறது. எந்தத் தட்டு அழிந்தாலும் மற்ற மூன்றைக் கொண்டு அதை மீட்டு எழுதிவிடலாம். ஆனால் இரண்டு பத்திகளில் மை கொட்டினால் எந்தக் கணக்குப்பிள்ளையாலும் ஆவதொன்றில்லை. இந்த ஒரு வாக்கியத்தை அன்று நாம் நெஞ்சில் இருத்தியிருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது.

2023ஆம் ஆண்டு சித்திரை மாதத்து ஞாயிறு. நாகபுரியின் வெயிலைப் பற்றி இந்த ஏட்டின் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சர்வரின் முகப்பில் செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. திரையில் பார்த்தோம், 2ஆம் எண் தட்டு செயலிழந்தது என்று எழுதியிருந்தது. மாற்றுத்தட்டு கைவசம் இருந்தது. தட்டுத் தாங்கிகள் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு விளக்கு இருந்து, பழுதுற்றதில் நிறம் மாறி எரிய வேண்டும். நமது பழைய பெட்டியிலோ அந்த விளக்குகளில் இரண்டு எப்பொழுதோ அணைந்துபோயிருந்தன. நாம் மேலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி, இரண்டாவது தாங்கியை இழுத்தோம்.

கணிப்பொறி சூனியத்திலிருந்து எண்ணும். அதன் கணக்கில் முதலாவது தட்டு 0. நாம் இழுத்த இரண்டாவது தட்டு 1. பழுதுற்ற 2ஆம் எண் தட்டோ மேலிருந்து மூன்றாவது. நல்ல தட்டை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, கெட்ட தட்டை உள்ளே விட்டுவிட்டோம். மை இரண்டு பத்திகளிலும் கொட்டிவிட்டது. சர்வர் தன் தட்டுக் கூட்டத்தை அவ்விடத்திலேயே நிறுத்திவிட்டது.

அந்த வேளையில் அடுத்த அறையில் நமது இளைஞர் ஒருவர், முந்தைய நாள் பதிவு செய்த மூன்று ஒலிப்பதிவுகளைச் சிறு அட்டையிலிருந்து சர்வருக்கு மாற்றிக்கொண்டிருந்தார். படியெடுக்கவில்லை, மாற்றிக்கொண்டிருந்தார். அதாவது ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததாகத் தெரிந்தவுடன் அட்டையிலிருந்து அழிந்துவிடும். மூன்றாவது பதிவு போய்ச் சேர்ந்ததாகச் சர்வர் ஒப்புக்கொண்டதே தவிர, தன் தற்காலிக நினைவிலிருந்து தட்டில் எழுதி முடிக்கவில்லை. பார்சலைப் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்டு, வண்டியில் ஏற்றுமுன் கிடங்கு தீப்பற்றியது போன்ற நிலை.

திரையில் ஒரு கேள்வி தோன்றியது. தட்டுக் கூட்டத்தைப் புதிதாக உருவாக்கவா, வேண்டாமா என்று. பதற்றத்தில் 'ஆம்' என்று அழுத்தத்தான் விரல் போயிற்று. நல்லவேளையாக, அதற்கு முன் நம் உறுப்பினர் ஒருவரின் மகளைத் தொலைபேசியில் அழைத்திருந்தோம். அந்தப் பெண் ஐதராபாத்தில் பெரிய சர்வர்க் கூடமொன்றில் பணிபுரிபவர்.

"அண்ணா, விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். எதற்கும் 'ஆம்' சொல்லாதீர்கள். இழுத்த தட்டு எங்கே இருக்கிறது?" என்றார்.

"கையில் இருக்கிறது, அம்மா."

"மேசைமேல் மெதுவாக வையுங்கள். முதலில் அதன் தொடர் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள்."

புதிதாக உருவாக்கும்படி கட்டளையிட்டிருந்தால் பழைய அமைப்பு முறையின் குறிப்புகள் மேலெழுதப்பட்டு, மீட்பது பன்மடங்கு கடினமாகியிருக்கும். சர்வரை முறைப்படி நிறுத்தச் செய்தார். உருவிய தட்டை அதே இடத்தில் மீண்டும் பொருத்தச் செய்தார். ஒவ்வொரு தட்டும் தன்மேல் கடைசியாக நடந்த எழுத்துவேலையின் எண்ணிக்கையைக் குறித்துவைத்திருக்குமாம். மூன்று நல்ல தட்டுகளின் எண்ணிக்கைகளும் ஏறத்தாழ ஒத்திருந்தன. அதனால் அம்மூன்றையும் கொண்டு கூட்டத்தை வலிந்து எழுப்ப முடிந்தது. எழுதத் தடைசெய்து, படிக்க மட்டும் திறந்தார். இருந்த பொருள் இரண்டு டெராபைட்டுக்குச் சற்றுக் குறைவு. அனைத்தையும் இரண்டு தனித்தட்டுகளில் தனித்தனியே படியெடுத்து முடிக்கும்வரை கெட்ட தட்டை மாற்றும் பேச்சையே எடுக்கவிடவில்லை. மறுநாள் இரவுப்பணிக்கு நாம் கண்ணயராமலேயே சென்றோம்.

எல்லாம் கிடைத்தன, அந்த மூன்றாவது பதிவைத் தவிர. அதில் பேசியிருந்தவர் சோலையார்பேட்டையிலிருந்து 1958ஆம் ஆண்டில் மணமகளாக இங்கு வந்த ஒரு பாட்டியார். கணவர் இஞ்சினில் கரி தள்ளும் வேலையில் இருந்தவர். சென்னை சென்ட்ரலில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறியது முதல், பெஜவாடாவில் புளிச்சோறு தீர்ந்தது, பல்லார்ஷாவில் எவர் பேசுவதும் விளங்காமல் அழுதது என்று ஒன்றரை மணி நேரம் சொல்லியிருந்தார்.

இனி முறையைச் சொல்லுகிறோம். மற்றச் சங்கங்களிலும், உறுப்பினர்களின் சிறு தொழிலகங்களிலும் இத்தகைய பெட்டிகள் இப்பொழுது பெருகிவிட்டன என்பதால் சற்று விரித்தே எழுதுகிறோம்.

முதற்கண், ரெய்டு என்பது காப்புப்படி ஆகாது. தவறாக அழித்த கோப்பை அது காக்காது. தீ, வெள்ளம், திருட்டு எதிலிருந்தும் காக்காது. எனவே தட்டைத் தொடுமுன் வேறிடத்தில் முழுப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருக்கிறது என்று கேள்விப்பட்டால் போதாது. அதிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்க்கவேண்டும். அலமாரியில் பூட்டிவைத்த காப்புத்தட்டைத் திறந்து பார்த்தால், ஓராண்டாக எதுவும் எழுதப்படாமல் இருந்தது என்ற செய்தியை நாமே ஒருமுறை கண்டிருக்கிறோம்.

தட்டு கெடப்போவதை முன்கூட்டியே அறிய முடியுமா? ஓரளவு முடியும். ஒவ்வொரு தட்டும் தன் உடல்நலக் குறிப்பைத் தானே எழுதிவைக்கிறது. இதை 'ஸ்மார்ட்' என்பர். அதில் 5, 197, 198 என்னும் எண்ணிட்ட வரிகளை நோக்குக. கெட்டுப்போனதால் ஒதுக்கி மாற்றிடம் தரப்பட்ட பகுதிகள், ஐயத்துக்கிடமாகிக் காத்திருக்கும் பகுதிகள், படிக்கவே இயலாத பகுதிகள் ஆகியவற்றின் தொகை அங்கே இருக்கும். அது சூனியமாக இருத்தல் நன்று; வாரந்தோறும் ஏறிக்கொண்டே போனால் மாற்றுத்தட்டு வாங்கவேண்டிய காலம் வந்துவிட்டது. கூகுள் நிறுவனத்தார் தம் தட்டுகளை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, சோதனையில் முதற்பிழை தோன்றிய தட்டு, பிழையே தோன்றாத தட்டைக் காட்டிலும் அடுத்த 60 நாட்களுக்குள் கெடுவதற்கு 39 மடங்கு வாய்ப்பு உண்டு. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் சொல்லுகிறது. கெட்டுப்போன தட்டுகளுள் நூற்றுக்கு 36க்கு மேற்பட்டவை, வெப்பத்தை நீக்கி நோக்கினால், எவ்வித முன்னறிவிப்பும் தராமலே கெட்டன. ஆகவே குறிப்பு நன்றாயிருக்கிறது என்று உறங்கிவிடுவதற்கில்லை.

அடுத்தது, கெட்ட தட்டு எது என்று ஐயமறக் காணுதல். எமது அனுபவத்தில் இதுவே தலையாய காரியம். இடத்தின் எண்ணை நம்பலாகாது; தட்டின் மேல் ஒட்டியுள்ள தொடர் எண்ணையே நம்பவேண்டும். கணிப்பொறி நன்றாக ஓடும் காலத்திலேயே எந்த இடத்தில் எந்தத் தொடர் எண் என்று ஒரு தாளில் எழுதி, பெட்டியின் கதவின் உட்புறம் ஒட்டிவைக்க வேண்டும். கெட்ட பின்னர் எழுதலாம் என்றால், உள்ளே இருக்கும் தட்டின் எண்ணை இழுக்காமல் பார்க்க இயலாது. இழுத்தால் எமக்கு நேர்ந்ததே நேரும். சில சர்வர்களில் குறித்த தட்டின் விளக்கை மட்டும் கண்சிமிட்ட வைக்கும் கட்டளை உண்டு. இருந்தால் பயன்படுத்துக.

இரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி விடும் செய்தியை இரு நிலையங்களின் அதிகாரிகள் பரிமாறிக்கொள்ளும்போது, அச்சிட்ட தாளிலிருந்து ஒரு தனி எண்ணையும் கூறி, மறுபக்கத்தார் அதைக் குறித்துக்கொண்ட பின்னரே காரியம் நடக்கும். அதையே இங்கும் கைக்கொண்டோம். ஒருவர் திரையிலுள்ள தொடர் எண்ணை உரக்கப் படிப்பது. மற்றவர் கதவிலுள்ள தாளைப் பார்த்துத் திருப்பிப் படிப்பது. இருவரும் ஒத்த பின்னரே தாங்கியில் கைவைப்பது. முதலில் இதைக் கண்டு இளைஞர்கள் சிரித்தார்கள். இப்பொழுது அவர்களே எண் சொல்லாமல் கைவைக்க விடுவதில்லை.

புதுத்தட்டு வாங்குவதிலும் கவனிக்க வேண்டியவை உள. அளவு பழையதற்குக் குறையக் கூடாது. 4 டெராபைட் என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி சில இலட்சம் எழுத்துக்கள் கூடக்குறைய இருக்கலாம். சிறிதளவு குறைந்தாலும் கூட்டம் அதை ஏற்காது. தட்டுகள் சாட்டா என்றும் எஸ்.ஏ.எஸ். என்றும் இருவகை. எஸ்.ஏ.எஸ். இணைப்பிடத்தில் சாட்டாத் தட்டு பொருந்தும். சாட்டா இணைப்பிடத்தில் எஸ்.ஏ.எஸ். தட்டு பொருந்தாது. பலாத்காரமாக அழுத்திப் பார்ப்பதால் உடைவதைத் தவிர வேறு பயனில்லை. மேலும், தகட்டின் மேல் எழுத்துவரிகளை ஓட்டுக்கூரை போல் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறினாற்போல் எழுதும் மலிவான வகை ஒன்று உண்டு. வீட்டில் படம் சேமித்துவைக்க அது போதும். ரெய்டில் மீட்டெழுதும்போது அது மிகவும் திணறி, சில சமயம் கூட்டத்திலிருந்தே வெளியேற்றப்பட்டுவிடும். சில தட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை என்பது பெட்டியில் குறிப்பிடப்படாமலே விற்கப்பட்டது 2020ஆம் ஆண்டில் வெளிவந்து பெரிய சர்ச்சையாயிற்று. வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்க.

நாம் முதலில் வாங்கிய தட்டு ஒட்டிய உறையில்தான் வந்தது. ஓட்டிப் பார்த்தால் உடல்நலக் குறிப்பின் 9ஆம் வரியில், இருபத்தோராயிரம் மணி நேரம் ஏற்கெனவே உழைத்ததாக இருந்தது. அதாவது இரண்டாண்டுக்கு மேல் எங்கோ இரவுபகலாக ஓடிய தட்டு. கடைக்காரர் புதியது என்றே சாதித்தார். அச்சிட்டுக் காட்டிய பிறகு, "பரவாயில்லை, நன்றாக ஓடுகிறதே" என்றார். பணம் திரும்பப் பெற ஐந்து நடை நடந்தோம். அந்த எண்ணைத் திருத்திவைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், இதை மட்டும் நம்புவதற்கும் இல்லை. புதுத்தட்டை வேறொரு கணிப்பொறியில் ஒருமுறை முழுதும் எழுதிப் படித்துச் சோதித்த பின்னரே சர்வருக்குள் விடுவது எங்கள் இன்றைய வழக்கம்.

நான்கு தட்டுகளையும் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்குவதும் நன்றன்று. ஒரே வார்ப்பில் பிறந்தவை ஒரே காலத்தில் மூப்படையும்.

கைவைக்கும் நேரத்தில் பகையாவது நிலைமின்சாரம். சென்னையின் ஈரக்காற்றில் பழகியவர்களுக்கு இது புரியாது. இங்கே குளிர்காலத்தின் வறண்ட இரவில் கம்பளியை உதறும்போது பொறி தெறிப்பதைக் கண்டிருப்பீர்கள். சுமார் 3000 வோல்ட்டுக்கு மேல் சேர்ந்தால்தான் நம் விரலுக்கு அது சுரீர் என்று தெரியும். தட்டின் அடியிலுள்ள நுண்சில்லுகளைக் கெடுக்க அதனினும் மிகக் குறைந்த அளவே போதும். எனவே மணிக்கட்டில் கட்டும் நிலமிணைப்புப் பட்டை அணிக. நைலான், பாலியெஸ்டர் ஆடைகளைத் தவிர்த்துப் பருத்தி உடுத்துக. தட்டைப் பக்கவிளிம்புகளில் பிடிக்கவேண்டும், அடிப்பலகையைத் தொடலாகாது. பொருத்தும் நேரம்வரை அதன் காப்புறைக்குள்ளேயே இருக்கட்டும். வெளியிலிருந்து கொண்டுவந்த தட்டை உடனே ஓட்டாமல், அறையின் வெப்பநிலைக்கு வர ஓரிரு மணி நேரம் விடுக.

ஓடும்போதே தட்டு மாற்றத்தக்க சர்வர் என்றால் நிறுத்தவேண்டுவதில்லை. ஆனால் அது அவ்வகையைச் சேர்ந்ததா என்பதைக் கையேட்டில் பார்க்காமல் துணியலாகாது. அவ்வகையல்லாததை முறைப்படி நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கவேண்டும். பல சர்வர்களில் மின்கம்பி இரண்டு இருக்கும். ஒன்றைப் பிடுங்கிவிட்டு மறந்துவிடுவோர் உண்டு. பிடுங்கிய பின் இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் உள்ளே எஞ்சிய மின்சாரமும் வடியும்.

ஓடும் சர்வரில், இழுக்குமுன் அந்தத் தட்டைக் கூட்டத்திலிருந்து நீக்குமாறு மென்பொருளில் கட்டளை கொடுக்கவேண்டும். பின்னர்த் தாங்கியின் கொக்கியை விடுவித்து, இரண்டு விரற்கடை அளவு மட்டும் வெளியே இழுத்து நிறுத்துக. மின்தொடர்பு அற்றுவிடும், ஆனால் உள்ளே தகடுகள் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம்வரை பொறுத்திருந்தால் நின்றுவிடும். சுழலும் தட்டைக் கையில் எடுத்துத் திருப்பினால் பம்பரம்போல் எதிர்த்து முறுக்கும். அன்று அவசரத்தில் உருவிய நல்ல தட்டு நம் கையில் அப்படி முறுக்கியது இன்றும் மறக்கவில்லை. கெட்டதென்று நினைத்த தட்டு இவ்வளவு உயிரோடு இருக்கிறதே என்று அப்பொழுதே ஐயம் தோன்றியிருக்கவேண்டும்.

பழைய தட்டைத் தாங்கியிலிருந்து கழற்றும்போது திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டுவைக்க. 3.5 அங்குலத் தட்டின் ஆணியும் 2.5 அங்குலத் தட்டின் ஆணியும் வேறுவேறு மரை உடையவை. மாற்றி முறுக்கினால் மரை தேயும். நான்கையும் பாதி முறுக்கிய பின் ஒவ்வொன்றாக இறுக்குக. மிகையாக இறுக்கவேண்டாம். மின்திருகி ஆகவே ஆகாது.

உள்ளே தள்ளும்போது நெம்புகோல் திறந்த நிலையில் இருக்கவேண்டும். தாங்கியின் முகத்தில் உள்ளங்கையால் சீராக அழுத்தி, தானாகத் தடைபடும் இடம்வரை செலுத்தி, அப்புறமே நெம்புகோலை மூடுக. 'கிளிக்' என்ற ஓசை கேட்கும். கேட்காவிட்டால் தள்ளாதீர்கள், வெளியே எடுத்து மறுபடியும் தொடங்குங்கள். புதிய தட்டுகள் சிலவற்றில் ஒரு விநோதம் உண்டு. மின்னிணைப்பின் மூன்றாம் முள்ளில் 3.3 வோல்ட் வந்தால், 'நின்றுவிடு' என்ற கட்டளையாக அதை எடுத்துக்கொள்ளும். பழைய பெட்டிகளில் அம்மின்சாரம் எப்பொழுதும் வந்துகொண்டிருப்பதால் தட்டு சுழலவே சுழலாது. பலர் தட்டு கெட்டதென்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். காலியான தாங்கியிடங்களைத் திறந்துவிடாமல் மூடிபோட்டு வைக்கவேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் குளிர்காற்று தட்டுகளின் ஊடே செல்லாமல் குறுக்கு வழியில் ஓடிவிடும்.

பின்னர்ப் புதுத்தட்டைக் கூட்டத்தில் சேர்க்கும் கட்டளை. சில சர்வர்கள் தாமே தொடங்கிவிடும். மீட்டெழுதும் வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும்? நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் இடைவிடாது எழுதினாலும் 4 டெராபைட் தட்டுக்கு ஏழரை மணி நேரம். பிறர் பயன்படுத்திக்கொண்டிருந்தால் ஒருநாள் ஆகும். அந்த நேரமே மிகவும் ஆபத்தானது. எஞ்சிய மூன்று தட்டுகளும் தலைமுதல் கால்வரை படிக்கப்படுகின்றன; அவையும் அதே வயதினவே. மலிவான தட்டுகளின் விவரத்தாளில், 1க்குப் பின் 14 சூனியம் இட்ட அத்தனை பிட்டுகள் படித்தால் ஒரு பிழை வரலாம் என்று எழுதியிருப்பார்கள். அது 12.5 டெராபைட். எங்கள் மூன்று தட்டுகளையும் முழுதும் படித்தால் 12 டெராபைட்! நடைமுறையில் தட்டுகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன என்பது உண்மை. ஆயினும் இக்கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று, படியெடுக்கும்வரை அந்தப் பெண் ஏன் மாற்றவிடவில்லை என்பது விளங்கிற்று. மீட்டெழுதும் நாளில் பெட்டியை அசைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள், மின்தடைக் காப்புக் கருவியில்லாமல் தொடங்காதீர்கள்.

இதன்பின் சங்கத்தின் தட்டுகளை ஆறாம் வகைக்கு மாற்றினோம். அதில் இரண்டு தட்டுகள் ஒருங்கே போனாலும் செய்தி போகாது. பயன்படும் இடம் 12லிருந்து 8 டெராபைட்டாகக் குறைந்தது. செயற்குழுவில் ஒருவர் இது வீண் செலவல்லவா என்று வினவினார். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

கெட்ட தட்டைப் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போடுவது தகாது. அதில் உறுப்பினர்களின் முகவரியும் நிதிக்கணக்கும் இருக்கின்றன. ஓடும் தட்டென்றால் முழுதும் மேலெழுதி அழிக்கவேண்டும். ஓடாததென்றால் தகடுகளின் ஊடே துளையிட வேண்டும். மடிக்கணினியின் சிறு தட்டுகளில் கண்ணாடித் தகடு இருக்கலாம், சில்லு தெறிக்கும். கண்ணாடி அணிந்து செய்க. உத்தரவாதக் காலத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் மாற்றுத்தட்டு இலவசமாகக் கிடைக்கும்; ஆனால் உள்ளிருப்பதும் உடன் போகும். எதை விரும்புவது என்று அவரவர் முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். துளையிட்ட தட்டை மின்னணுக் கழிவு சேகரிக்க உரிமம் பெற்றவரிடம் சேர்ப்பிக்க.

பாட்டியாரிடம் நாமே சென்று நடந்ததைச் சொன்னோம். ஓர் ஆள் செய்த தவற்றைப் பெட்டியின்மேல் போட மனம் ஒப்பவில்லை. சற்று நேரம் பேசாதிருந்தார்.

"தொலைத்துவிட்டாயா, தம்பி? போகட்டும். ஆனால் அன்றைக்கு இருந்த மாதிரி இன்றைக்கு வராதே" என்றார்.

மறுவாரம் மீண்டும் சொன்னார். நாற்பது நிமிஷம் வந்தது. பல்லார்ஷா நிலையத்தில் அழுததைச் சொன்னார். முதல் முறை, மேடையில் ஓர் அம்மையார் இவருக்குத் தண்ணீர் கொடுத்து ஏதோ பாடினார் என்று கூறி, பொருள் தெரியாத அந்த மராட்டிப் பாட்டின் இரண்டு வரியைப் பாடியிருந்தாராம். பதிவு செய்த இளைஞர் சொன்னார். இம்முறை அது வரவில்லை. கேட்டுப் பார்த்தோம். "பாடினேனா?" என்றார்.

அந்த நாற்பது நிமிஷப் பதிவு இப்பொழுது சர்வரிலும், அலமாரியிலுள்ள தனித்தட்டிலும், செயலாளர் இல்லத்திலுள்ள மற்றொன்றிலும் இருக்கிறது. ஒலிப்பதிவு அட்டைகளை மூன்றிடத்தில் படி திறந்து கேட்ட பின்னரே அழிப்பது என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறோம். தட்டுகளின் உடல்நலக் குறிப்பைத் திங்கள்தோறும் முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நூலக அறையில் படித்து அதே பதிவேட்டில் ஏற்றுகிறோம். தொடர் எண்ணைத் திருப்பிப் படிக்க ஓர் ஆள் எப்பொழுதும் தேவை. வர விரும்புவோர் பருத்திச் சட்டை அணிந்து வரலாம்.